தரிசு: ஒரு தீவும் ஒரு ஜில்லாவும்

1

தரிசு என்கிற சொல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள மானாம்பதி மாதிரியான ஏரிப்பாசன ஊர் எதில் கேட்டாலும் இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் கிடைக்கும். ஏர் பிடித்தவர்கள் சொல்வது ஒன்று: "ரெண்டு வருசமா மழையில்ல, ஓட்டாம போட்டுட்டோம், தரிசாக் கெடக்குது." இந்த அர்த்தத்தில் தரிசு என்பது நிலத்தின் ஒரு பருவம், ஒரு காத்திருப்பு. ஏரி நிரம்பினால் மறுவருஷம் அது தரிசில்லை. அதுவரை ஆடு மேயும், விறகு பொறுக்கலாம், கீரை பறிக்கலாம். இன்னொரு அர்த்தம் தாலுகா ஆபீஸின் கணக்கில் இருப்பது. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு, அனாதீனம் என்று அங்கே சொற்கள் வரிசையாக நிற்கும். வரி கொடுக்காத நிலம், யாருக்கு எழுதிக் கொடுப்பது என்பதை அரசு தீர்மானிக்கக்கூடிய நிலம் என்று பொருள். முதல் அர்த்தத்தில் நிலத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இரண்டாவதில் அந்தச் சரித்திரம் துடைக்கப்பட்டு வெறும் பரப்பளவு மட்டும் மிஞ்சுகிறது.

வங்காள விரிகுடாவில், போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே சுமார் 135 கி.மீ. தொலைவில் ஒரு தீவு இருக்கிறது. இந்திய எல்லைக்குள் இன்றும் கனன்றுகொண்டிருக்கும் ஒரே எரிமலை அதுதான். ஆங்கிலேயர்களின் கடல் வரைபடம் அதற்கு இட்ட பெயர் பாரன் தீவு. தமிழில் சொன்னால் தரிசுத் தீவு, மலட்டுத் தீவு. இரவில் கப்பலேறி விடியலில் எரிமலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற உல்லாசப் பயணம் இப்போது அந்தமான் சுற்றுலாவின் சரக்குகளில் ஒன்று. தீவில் இறங்க அனுமதியில்லை. மேல்தளத்தில் நின்று புகையைப் பார்க்கலாம், பறக்கும் மீன்களைப் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் ஓங்கில் கூட்டத்தைப் பார்க்கலாம். 'மனிதன் கால்படாத இயற்கை' என்று விளம்பரம் சொல்லும்.

ஒரு நாள் கப்பல் பயணத்தில் காட்டுயிர் பார்ப்பது என்ற இந்தப் பழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தை எங்கள் செங்கல்பட்டு ஜில்லாவின் நிலச் சரித்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம் என்பதே இக்கட்டுரையின் யோசனை. எரிமலைக்கும் ஏரிக்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டையும் ஒரே அரசு, ஒரே நூற்றாண்டில், ஒரே சொல்லால் எழுதியது என்பதுதான் சம்பந்தம். 'யாருமில்லாத இடம்' என்பது இயற்கையின் உண்மையாக நம் முன்னால் வைக்கப்படுகிறது. அது ஒரு நிர்வாகச் சொல்லாடல். அதைக் கட்டுடைக்காமல் காட்டைப் பற்றியோ கடலைப் பற்றியோ பேசுவதில் பலனில்லை.

2

1873 மார்ச் மாதம். இந்திய அரசின் நீராவிக் கப்பல் 'ஸ்கோஷியா' அந்தமான் கடலில் தீவு தீவாகப் போய்க்கொண்டிருக்கிறது. கப்பலில் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் இருக்கிறார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவும் வாலன்டைன் பாலும், கல்கத்தா மியூசியத்தின் வுட்-மேசனும் கூட இருக்கிறார்கள். பாரன் தீவையும், அதற்கு வடக்கே உள்ள இன்னொரு எரிமலைத் தீவான நார்கொண்டத்தையும் அவர்கள் பார்க்கிறார்கள். நார்கொண்டம் அணைந்துபோன எரிமலை. சுமார் 7 சதுர கி.மீ. பரப்பு, 710 மீட்டர் உயரம், கரையிலிருந்து உச்சிவரை காடு. அங்கே மட்டுமே வாழ்கிற ஒரு இருவாச்சிப் பறவையை ஹ்யூம் உலகத்துக்கு விவரித்து, தீவின் பெயரையே அதற்கும் வைக்கிறார். அந்தக் காலத்தில் பறவை பார்ப்பது என்றால் சுட்டுப் பார்ப்பது. துப்பாக்கிதான் தொலைநோக்கி. தோலை உரித்து, பஞ்சடைத்து, சீட்டுக் கட்டினால்தான் அது விஞ்ஞானம்.

ஹ்யூமை நமக்கு 1885-இல் காங்கிரசைத் தோற்றுவித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பறவை ஆய்வாளர்கள் அவரை இந்தியப் பறவையியலின் தந்தை என்பார்கள். இரண்டு பட்டத்துக்கும் நடுவில் விழுந்துபோன ஒரு வேலை உண்டு. 1867 முதல் 1870 வரை அவர் உள்நாட்டுச் சுங்கத்துறையின் கமிஷனர். உப்பு வரியைக் காப்பாற்ற வட இந்தியாவின் குறுக்கே நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு முள்வேலி வளர்த்தார்களே, அந்த வேலியின் பொறுப்பாளர். காய்ந்த முள்ளை அடுக்கிவைத்த வேலியை உயிர்வேலியாக வளர்த்தெடுத்ததில் அவருடைய பங்கு பெரியது. எந்தச் செடி எந்த மண்ணில் பிடிக்கும், எந்த முள் கள்ள உப்பு கொண்டுபோகிறவனின் காலைத் தடுக்கும் என்று தாவரங்களை அறிந்தவர். இயற்கை பற்றிய அறிவும் வரி பற்றிய அறிவும் அவரிடத்தில் தனித்தனி அலமாரிகளில் இல்லை. 1871-இல் வருவாய், விவசாயம், வணிகம் ஆகியவற்றுக்கென்று ஒரு துறையை வைஸ்ராய் மேயோ பிரபு ஏற்படுத்தியபோது அதன் செயலாளரானார். தீவுகளுக்குப் போனது அந்தப் பதவியில் இருந்தபோதுதான்.

அந்த மேயோ பிரபு என்னவானார்? ஸ்கோஷியா போவதற்கு ஓராண்டு முந்தி, 1872 பிப்ரவரி 8 அன்று, அந்தமான் கைதிக் குடியிருப்பைப் பார்வையிட வந்திருந்தார். சாயங்காலம் ஹாரியட் மலைமேல் ஏறி சூரியன் மறைவதைப் பார்த்தார். இறங்கிவந்து படகுத்துறையில் கால்வைத்த நேரத்தில் ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி கத்தியால் குத்திக் கொன்றார். அஃப்ரிதியை அடுத்த மாதமே வைப்பர் தீவில் தூக்கில் போட்டார்கள். அந்தமானில் 'இயற்கைக் காட்சி'யின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இந்த மாலைப்பொழுதைத் தவிர்த்துவிட்டு எழுதமுடியாது. வைஸ்ராயின் கண்ணுக்கு அது சூரியாஸ்தமனம். படகுத்துறையில் காத்திருந்தவனுக்கு அது ஆயுள்தண்டனை. இரண்டு பார்வையும் ஒரே மலையடிவாரத்தில், ஒரே நேரத்தில் இருந்தன. நமக்கு வந்துசேர்ந்த பிரதி முதலாவதுதான்.

1858-இல் ஆங்கிலேயர்கள் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது அந்தமான் வெறும் தீவாக இருக்கவில்லை. அங்கே மக்கள் இருந்தார்கள். 1859-இல் அபர்தீன் என்ற இடத்தில் அம்பும் வில்லுமாக எதிர்த்தும் பார்த்தார்கள். நோயும் குடியேற்றமும் சேர்ந்து பெரிய அந்தமானியர் என்று ஆட்சியாளர்கள் அழைத்த அம்மக்களை இன்று சில பத்துப் பேராக்கிவிட்டன. வெற்றிடம் எப்படித் தயாரிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். முதலில் இடத்தை யாருமற்றது என்று எழுதுவது, பிறகு எழுத்துக்குத் தக்கபடி இடத்தை மாற்றுவது.

ஹ்யூம் சேர்த்த பறவைத் தோல்கள் 1885-இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. சுமார் 82,000 என்கிறார்கள். அவருடைய பல ஆண்டுக் கையெழுத்துக் குறிப்புகளை வேலைக்காரர்கள் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்ற கதையும் உண்டு. விஞ்ஞானத்தின் இழப்பாக அதைச் சொல்லி வருந்துவார்கள். அந்த வேலைக்காரனுக்கு அது காகிதம், காகிதத்துக்கு ஒரு விலை. சீமான்களின் சரித்திரத்தில் வேலைக்காரன் தலைகாட்டுவதே இப்படி எதையாவது தொலைக்கும்போதுதான்.

3

பாரன் தீவு உண்மையில் தரிசா? கடலடியில் 2 கி.மீ.க்கு மேல் ஆழத்திலிருந்து எழுந்து வந்த மலையின் நுனி அது. நுனியின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். வட்டமான வெளிச்சுவர், நடுவே சாம்பலும் கல்லும் குவிந்த கூம்பு. 1787-இல் அது வெடித்ததற்குப் பதிவு இருக்கிறது. 1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேயர் வந்தபோதும் புகைந்துகொண்டிருந்தது. அவர் பெயரில்தான் போர்ட் பிளேயர். 19ஆம் நூற்றாண்டில் அடங்கிப்போன எரிமலை 1991-இல் மறுபடி வெடித்தது. பிறகு 1994-95, 2005, அதன்பிறகும் பலமுறை. 2025 செப்டம்பரிலும் கனன்றது.

1991 வெடிப்புக்குப்பின் 1993 ஏப்ரலில் ஒரு ஆய்வுக்குழு தீவில் இறங்கிப் பார்த்தது. முன்பு தெரிந்திருந்த 16 பறவை இனங்களில் 6 மட்டுமே கண்ணில் பட்டன. ஆனால் ராத்திரி நேரத்தில் எலி ஓடியது, 51 வகைப் பூச்சிகள் கிடைத்தன, வெள்ளைநிறப் பெரும்புறாக்கள் கூட்டமாக இருந்தன. எரிமலைக்குழம்பு பாய்ந்த பக்கம் கருங்கல், பாயாத வெளிச்சரிவில் மரக்காடு. கடல் தாண்டி வருகிற புறா வயிற்றில் அத்திவிதை வருகிறது. விதை சாம்பலில் விழுகிறது. சாம்பலைப் போல உரம் ஏது? எரிமலைக்கும் தரிசுக்கும் இடையில் உழவர் சொல்கிற அர்த்தம்தான் பொருந்தும். அதாவது ஓர் இடைவேளை, காத்திருக்கும் நிலம். வரைபடக்காரர் வைத்த பெயரோ நிரந்தரத் தீர்ப்பு.

நார்கொண்டத்து இருவாச்சி இன்னும் அழகான பாடம். பெட்டைப் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஒரு சின்ன இடுக்கு வழியாக ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். அந்தக் காட்டின் மரங்கள் இந்தப் பறவை போட்ட விதை. பறவை இருப்பது அந்த மரத்தின் பொந்தில். இதில் எது இடம், எது குடியிருப்பவர் என்று பிரிக்கமுடியாது. 2000-ஐ ஒட்டிய கணக்கெடுப்புகள் சில நூறு பறவைகள் என்றன. 2019-20-இல் நடந்த விரிவான ஆய்வு சுமார் ஆயிரம் என்று மதிப்பிட்டது. உலகம் முழுக்கச் சேர்த்து அவ்வளவுதான். நார்கொண்டம் என்ற பெயர் 'நரக குண்டம்' என்பதன் திரிபு என்றும் சொல்வார்கள். ஒரு பெயரில் மலடு, இன்னொரு பெயரில் நரகம். உள்ளே போய்ப் பார்த்தால் அத்திப்பழம்.

இந்தத் தீவுகளில் அரசாங்கமே குடியேற்றியவர்களும் உண்டு. 1891-இல் போர்ட் பிளேயர் அரசுக் கப்பல் ஒன்று பாரன் தீவில் ஆடுகளை இறக்கிவிட்டது. அவை பெருகின. தண்ணீரே இல்லாத தீவில் கடல்நீரைக் குடித்தே ஆடுகள் வாழ்கின்றன என்று வெகுகாலம் ஆச்சரியமாக எழுதினார்கள். பின்னர்தான் தீவில் நல்லதண்ணீர் ஊற்று இருப்பது பதிவாயிற்று. ஆட்டுக்குத் தெரிந்தது வரைபடத்துக்குத் தெரிய நூறு வருஷமாகியிருக்கிறது. நார்கொண்டத்தில் 1969-இல் போலீஸ் காவல்நிலையம் வந்தது. 1976-இல் அவர்களும் இறைச்சிக்காக ஆடு கொண்டுவந்தார்கள். இளங்கன்றுகளை எல்லாம் ஆடு தின்று காடு மறுபடி முளைக்காமல் போகிறது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் சொல்லிச் சொல்லித்தான் அவை அகற்றப்பட்டன.

4

1891 என்ற வருஷத்தை மறந்துவிட வேண்டாம். தரிசுத் தீவில் ஆடுகளுக்கு இடம் கிடைத்த அதே வருஷம், செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் சென்னை அரசாங்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமை பற்றிய குறிப்பு அது. எங்கள் உத்திரமேரூர்ப் பக்கமெல்லாம் அந்த ஜில்லாவுக்குள்தான் அடக்கம்.

அதன் சாரம் எளிமையானது. ஜில்லாவில் தரிசு நிலம் ஏராளமாகக் கிடக்கிறது. நிலமற்ற பண்ணையாட்கள் அதைக் கேட்டு தர்க்காஸ்து மனு கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் கிடைக்காது. ஏனென்றால் ஊரின் தரிசுமீது மிராசுதாரருக்கு முன்னுரிமை. சேரிக்காரன் மனு போட்டது தெரிந்தால் மிராசுதார் 'எனக்கு வேணும்' என்பார். எழுதி வாங்குவார். மறுபடி தரிசாகவே போட்டுவைப்பார். பயிர் வைப்பது அவர் நோக்கமில்லை. அடுத்தவன் பயிர் வைக்கக்கூடாது என்பதுதான் நோக்கம். கூலிக்கு ஆள் கிடைக்க வேண்டுமென்றால் ஆளுக்கு நிலம் இருக்கக்கூடாது. குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை. முரண்டு பிடித்தால் குடிசையைப் பிரித்துவிடலாம். ஆக தரிசு என்பது மண்ணின் குணம் கிடையாது, ஒரு சாதி இன்னொரு சாதியின்மீது செலுத்தும் அதிகாரத்தின் பெயர். காலியாக வைக்கப்பட்ட இடம் அது. காலியாக இருந்த இடமல்ல.

அரசாங்கம் முதலில் இழுத்தடித்தது. மிராசுதாரர்களைப் பகைத்துக்கொண்டு வரி வசூலிக்க முடியுமா? 1892-இல் அரைமனதாகச் சில உத்தரவுகள் வந்தன. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிபந்தனையோடு தரிசு ஒப்படை, வேறு சாதியாருக்கு விற்கக்கூடாது என்ற விதி. அதுதான் பின்னால் பஞ்சமி நிலம் என்று பேர் பெற்றது. சென்னை ராஜதானி முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் எவ்வளவு இன்று உரியவர் கையில் இருக்கிறது என்பதைச் செங்கல்பட்டுச் சாலையோரத்து மனைப்பிரிவுப் பலகைகளை எண்ணினால் ஊகிக்கலாம். 1994 அக்டோபர் 10 அன்று, இதே ஜில்லாவில் காரணையில் பறிபோன பஞ்சமி நிலத்துக்காகப் போராடியவர்கள்மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டுபேர் இறந்தார்கள். ட்ரெமென்ஹீர் குறிப்புக்கு நூற்றுமூன்று வருஷம் கழித்து.

ஆடுகள் தர்க்காஸ்து போடவில்லை. முன்னுரிமை கேட்டு எதிரில் யாரும் வரவில்லை. நாட்டின் ஒரு மூலையில் அரசாங்கம் தரிசை ஆடுகளுக்குத் தருகிறது, இன்னொரு மூலையில் மனிதர்களுக்குத் தரத் தயங்குகிறது. இது வெறும் தற்செயல் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் 'யாருமில்லாத இடம்' என்று அரசு ஓரிடத்தைச் சொல்லும்போது யார் 'யாரோ' ஆகிறார்கள், யார் 'யாருமில்லை' ஆகிறார்கள் என்று கேட்க இந்தத் தற்செயல் உதவுகிறது.

5

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். சூழலியல் நண்பர்கள் சொல்வார்கள்: 'நிலத்துக்குச் சொன்னது சரி. காட்டுயிருக்கு யாருமில்லாத இடம் வேண்டும்தானே? மனிதன் போனால் ஆடும் எலியும் கூடப் போகும். பறவை அழியும்.' நார்கொண்டத்தைப் பொறுத்தவரை அது நியாயமான பேச்சு. சில தீவுகளை விட்டுவைக்கத்தான் வேண்டும். ஆனால் அதையே பொதுவிதி ஆக்கினால் எங்கள் பக்கத்து வேடந்தாங்கலுக்கு என்ன பதில்?

வேடந்தாங்கலில் ஏரி இருக்கிறது, ஏரிக்குக் கீழே வயல் இருக்கிறது, ஊர் இருக்கிறது. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் வக்காவும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். இது எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தந்ததல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைச் சுடக்கூடாது என்று கௌல் எழுதிக்கொடுத்தார். 1858-இல் மறுபடியும் போய் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். அந்தமானில் கைதிகளை இறக்கிய அதே வருஷம். 1936-இல் அதைச் சரணாலயமாக அங்கீகரித்தார்கள். ஹ்யூமின் துப்பாக்கி நார்கொண்டம் போவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, துப்பாக்கியைக் கீழே வைக்கச்சொல்லி எழுத்தில் வாங்கிய ஊர் அது.

ஊர்க்காரர்களின் அறிவு, ஊர்க்காரர்களின் உரிமை என்று சொல்லி இங்கேயே முடித்துக்கொள்ளும் சபலம் நமக்கு வரும். வரக்கூடாது. 18ஆம் நூற்றாண்டுச் செங்கல்பட்டை ஒரு பொற்காலமாகக் காட்டுகிற எழுத்துகள் உண்டு. தரம்பால் தேடி எடுத்துத் தந்த ஆவணங்கள் அவ்வகையில் முக்கியமானவை. காலனியம் அழித்தது எவ்வளவு என்று அவை காட்டின. ஆனால் அந்த ஆவணங்களில் 'ஊர்' என்று சொல்லும்போது சேரி எங்கே இருக்கிறது? கௌல் வாங்கப் போனவர்கள் பயிரிடும் உரிமை உள்ளவர்கள். மடையைத் திறந்து மூடுகிற நீர்க்கட்டி, வண்டல் அள்ளுகிற ஆள், எச்சம் கலந்த தண்ணீரில் முழங்கால்வரை நின்று நாற்று நடுகிறவள், இவர்களுடைய பெயர் எந்தக் கௌலிலும் இல்லை. தண்ணீரின் சத்து வயலுக்குப் போனது, வயலின் நெல் மிராசுதார் களத்துக்குப் போனது.

உத்திரமேரூரையும் இப்படித்தான் வாசிக்கவேண்டும். பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. 2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடி உத்திரமேரூரைச் சொன்னார். ஜனநாயகத்தின் தொட்டில் என்ற பெருங்கதையாடலில் எங்கள் ஊருக்கு இடம் கிடைத்தது. சந்தோஷம். ஏரி வாரியம் என்று ஏரிக்கென்றே ஒரு குழு இருந்தது உண்மைதான். ஆனால் அது ஒரு சதுர்வேதிமங்கலம். குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். சொந்த மனை! 921-இல் உறுப்பினராகத் தகுதி, 1891-இல் சேரிக்கு மறுக்கப்பட்டது, 2 சென்ட் மனைப்பட்டா என்று இன்றும் மனு எழுதப்படுவது. ஆயிரத்து நூறு வருஷம் கல்லிலும் காகிதத்திலும் நிற்கிற சொல் அது.

ஆக, நம் முன்னால் இரண்டு மாதிரிகள் இருக்கின்றன. ஒன்று, மனிதர்களை நீக்கிவிட்டு இயற்கையைப் பார்க்கிற கப்பல் மேல்தளம். மற்றது, மனிதர்களோடு இயற்கையை வைத்திருக்கிற ஏரிக்கரை. இரண்டாவதுதான் நமக்கானது. ஆனால் அந்த ஏரிக்கரையில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் தண்ணீரில் நிற்கிறார் என்று கேட்காமல் அதை ஏற்றுக்கொண்டால் நாமும் மேல்தளத்தில் நிற்கிறவர்களே.

6

இது பழங்கதை இல்லை. நார்கொண்டத்தில் ஒரு ராடாரும் அதற்கு மின்நிலையமும் அமைக்கக் கடலோரக் காவற்படை கேட்டது. 2012-இல் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் இருவாச்சியைக் காரணம் காட்டி மறுத்தார். 2014-இல் ஆட்சி மாறியதும் அனுமதி கிடைத்தது. அந்தத் தீவை 1986 உடன்பாடு வரை பர்மாவும் தன்னுடையது என்று சொல்லிவந்தது. எனவே தேசத்தின் கண்ணுக்கு அது எல்லைக்கல். எல்லைக்கல்லில் பறவை உட்காரலாம், கூடு கட்டலாமா என்பதுதான் தகராறு.

பெரிய நிகோபாரில் இதே சொல்லாடல் பிரமாண்ட அளவில் நடக்கிறது. துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் என்று 72,000 கோடி ரூபாய் மதிப்பில் திட்டமிட்டார்கள். 130 சதுர கி.மீ. காடு அதற்குப் போகிறது. பேராமைகள் முட்டையிடும் கலத்தியா வளைகுடாவின் சரணாலயத் தகுதி 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தந்தார்கள். வெட்டும் காட்டுக்கு ஈடாக மரம் நடப்போவது எங்கே? ஹரியானாவில்! மழைக்காட்டையும் வறண்ட சமவெளியையும் ஒன்றுக்கொன்று ஈடாக வைக்கமுடியும் என்றால் இரண்டும் வெறும் பரப்பளவு என்றுதான் அர்த்தம். அடங்கல் கணக்கின் தர்க்கம் கடல் தாண்டிப் போயிருக்கிறது. அங்கே ஷோம்பென் மக்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமியில் கரையோர ஊர்களை இழந்து, முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டு, திரும்பிப் போகக் கேட்டுக்கொண்டிருக்கும் நிகோபாரிகள் இருக்கிறார்கள். சுனாமி அவர்களைக் கரையிலிருந்து தள்ளியது ஒரு காலை. அந்தக் கரையை 'காலியாக இருக்கிறது' என்று எழுதியது அதற்குப்பின் வந்த அரசாங்கக் காகிதம். மிராசுதார் செய்ததும் இதுவேதான். ஆளை வெளியே நிறுத்து, பிறகு இடம் காலி என்று சொல்.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். சோழர்களின் கடற்படைத் தளம் என்று உள்துறை அமைச்சர் காரணம் சொன்னார். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் வருவது நமக்குத் தெரியும். தமிழ்ப் பெருமிதம் கொஞ்சம் சிலிர்த்துக்கொள்ளவும் செய்யும். கவனம் தேவை. பிளேயர் என்ற பெயரை எடுத்ததற்காக அழவேண்டியதில்லை. ஆனால் ஒரு பேரரசின் பெயரை அழித்து இன்னொரு பேரரசின் நினைவை எழுதும்போது இரண்டுக்கும் முன்னால் அங்கிருந்தவர்கள் தீவுக்கு வைத்திருந்த பெயர் என்ன என்ற கேள்வியே எழுவதில்லை. உத்திரமேரூர்க் கல்லை டெல்லி எடுத்துக்கொண்டதும் மாநக்கவாரத்தை எடுத்துக்கொண்டதும் ஒரே கையால். தமிழன் பெருமை என்ற பொட்டலத்தில் நமக்குத் திரும்பி வருவது, இன்னொருவன் மண்ணைத் தரிசு என்று எழுதிக்கொள்ளும் அதிகாரத்தில் ஒரு சின்னப் பங்கு.

இங்கேயும் நம் ஏரிக்கரைக்கு ஆபத்து இல்லாமலில்லை. வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள 5 கி.மீ. பாதுகாப்பு எல்லையைச் சுருக்க 2020-இல் முன்மொழிவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. அதை எதிர்த்து எழுதியவர்களில் பலர் பறவைக்காக எழுதினார்கள். நல்லது. ஆனால் ஏரி மேய்க்காலையும் நத்தத்தையும் பஞ்சமி நிலத்தையும் மனைபோட்டு விற்கும்போது அதே பேனாக்கள் எழுதினவா? பறவைக்குக் கூடு வேண்டும் என்பதும் சேரிக்குப் பட்டா வேண்டும் என்பதும் இரண்டு கோரிக்கை அல்ல. இரண்டும் 'இந்த இடம் காலியில்லை' என்கிற ஒரே வாக்கியம். இதைச் சேர்த்துச் சொல்லாதவரை சூழலியல் இங்கே ஒரு மேல்தளப் பொழுதுபோக்காகவே மிஞ்சும். நிலப் போராட்டமும் ஏரியைச் சுற்றியுள்ள உயிர்களைக் கணக்கில் கொள்ளாத வெறும் சென்ட் கணக்காகச் சுருங்கிப்போகும்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் மூன்று நாள். கீழ்த்தளத்தின் பங்க் வகுப்பில் தலைக்குமேல் படுக்கை அடுக்கிய இடத்தில் கட்டட வேலைக்குப் போகும் தமிழர்கள் இருப்பார்கள். ஊரில் நிலமில்லாததால் கப்பலேறுகிறவர்கள். அவர்கள் போய்ச் சேரும் தீவில் அவர்கள் கட்டும் விடுதியில் தங்குகிறவர்கள்தான் எரிமலை பார்க்கப் போவார்கள். ஒரு ஜில்லாவின் தரிசு இன்னொரு தீவின் தரிசைக் கட்டியெழுப்பும் கூலியாக மாறுவது இப்படித்தான். இருவாச்சிக்கும் நீர்க்கட்டிக்கும் நடுவில் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. இரண்டு பேருடைய இடத்தையும் ஒரே அலுவலகம், ஒரே கலத்தில், ஒரே சொல்லால் நிரப்பி வைத்திருக்கிறது. அந்தக் கலத்தில் எழுதியிருப்பதை அடித்துவிட்டு அங்கே இருப்பவர்களின் பெயரை எழுதவைப்பதுதான் நமக்கு முன்னால் உள்ள வேலை.